துரைக்கு முன்னால் ஒரு வாய்

கீழ்பென்னாத்தூர்
6 பிப்ரவரி 2025

தங்கை நந்தினிக்கு அண்ணன் அர்ஜுனன் எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

பதினேழு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம், அதுவும் நாய்க்காக. நம் தெரு முருகவேல் ஆட்டோவில் துரையை அனுப்புகிறேன். சிப்பிப்பாறை நாய், நாலு வயது. பத்து நாளாக வாந்தி. முன்னங்கால்களை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், வயிற்றுவலியில். கணையம் வீங்கியிருக்கிறது என்று டவுனில் டாக்டர் ஓவியா சொன்னார். இனிமேல் கொழுப்பு ஒரு துளி ஆகாதாம். நான் கறி வாங்கும்போதெல்லாம் கொழுப்பைத்தான் அவனுக்குப் போட்டு வளர்த்தேன். தப்பு என்னுடையதுதான் என்று அந்த அம்மா என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

எனக்கு குஜராத்தில் சோலார் கம்பெனி வேலை, ஆறு மாத ஒப்பந்தம். எட்டாம் தேதி ரயில். உன் அண்ணி உண்ணாமலை அவனுக்கு மாத்திரை கொடுக்கப் போய்க் கையில் கடி வாங்கி நாலு தையல் போட்டிருக்கிறாள். இனி அவன் பக்கமே போக மாட்டேன் என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

அவன் பிடிவாதக்காரன். என் குரலுக்கு மட்டும் அடங்குவான். துண்டை உதறினால் போதும், பயப்படுவான்.

வேறு என்ன எழுத. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
அர்ஜுனன்


அடி அண்ணாமலை
16 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு நந்தினியின் வணக்கம். நான் நலம். அண்ணிக்குத் தையல் பிரித்துவிட்டார்களா? அந்த ஊர் வெயிலும் சாப்பாடும் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

துரை வந்து சேர்ந்தார். ஆட்டோவுக்குப் பின்னால் வந்த உங்கள் பைக் தெருத் திருப்பத்தில் நின்றதையும் பார்த்தேன். “அண்ணன் இறங்கலியா?” என்று முருகவேலைக் கேட்டேன். “அவுருக்கு வேலை ஜாஸ்திங்க” என்று அவர் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உங்களுக்காகச் சொம்பில் எடுத்து வைத்திருந்த தண்ணீரை நாய்க்கு ஊற்றினேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. கலையரசனை நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நீங்கள் என் வீட்டில் கை நனைத்ததில்லை. அவர் என்ன சாதி என்பதுதான் காரணம். வீடு கட்டிக் குடிபோனபோது வாசல்வரை வந்து, “இப்பத்தான் சாப்ட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள். அவர் இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை எதிரில் உள்ள தங்கம்மாள் கடையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பதினாறாம் நாள் பந்தியில் உங்களுக்கென்று ஓர் இலை போட்டிருந்தேன். எல்லோரும் எழுந்த பிறகும் அது காலியாகவே கிடந்தது. அதை எடுத்துப் போட்டது நான்தான். மூன்று வருடம் ஆகிறது. எதையும் மறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். நாயை நன்றாகப் பார்த்துக்கொள்வேன். அது வேறு.

தோல் எடுத்த கோழியை வேகவைத்து உதிர்த்து, குழைந்த சாதமும் பூசணியும் சேர்த்து, உப்பில்லாமல் கொடுக்கிறேன். மூன்று நாள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நான் திரும்பியதும் பூந்தொட்டிக்குப் பின்னால் துப்பினார். நாலாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். இதுவும் சோறுதான் என்று காட்ட. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் விழுங்கியதும் வந்து முழுத்தட்டையும் காலி செய்தார். இப்போது தினமும் அப்படித்தான்.

ஒரு வேண்டுகோள். பதினொன்றாம் தேதி நீங்கள் போன் செய்தபோது உங்கள் குரலைக் கேட்டு, முன்னங்காலில் இருந்த டிரிப் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சாயங்காலம்வரை அங்கிருந்து நகரவில்லை. இனி போன் வேண்டாம். எழுதுங்கள். நமக்கும் பேசிப் பழக்கமில்லை.

நந்தினி


பூஜ், குஜராத்
4 மார்ச் 2025

தங்கைக்கு, நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

இங்கே மூன்று வேளையும் ரொட்டி. வயிறு கேட்க மாட்டேன் என்கிறது. மண்ணும் வெயிலும்தான், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை.

துரை சாப்பிடுகிறான் என்று படித்ததும் நிம்மதி. ஆனால் நாய்த்தட்டில் நீ சாப்பிடாதே. படித்தவள், காலேஜ் லைப்ரரியில் வேலை பார்ப்பவள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? துண்டை உதறு, கேட்பான்.

பழைய விஷயங்களை எழுதியிருந்தாய். அதற்கெல்லாம் இங்கிருந்து நான் என்ன சொல்வது.

அர்ஜுனன்


அடி அண்ணாமலை
21 மார்ச் 2025

அண்ணனுக்கு வணக்கம். ரொட்டிக்குப் பதில் அரிசி வாங்கிக் கஞ்சி வைத்துக்கொள்ளுங்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. துரைக்குத்தான்.

பதின்மூன்றாம் தேதி பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே கிரிவலக் கூட்டம். என் வாசலுக்கு எதிரிலேயே ஒரு கூட்டத்தார் அன்னதானம் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவதி நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையோடு கேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டிருக்கிறாள். நான் லைப்ரரியிலிருந்து வருவதற்குள் நாலு தொன்னை காலி. மறுநாள் விடிந்ததும் பழையபடி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். நாலு நாள் டிரிப். முருகவேல்தான் தினமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். இரண்டாம் நாள் கண் செருகிவிட்டது. உங்களுக்கு என்னவென்று எழுதுவது என்று அப்போதே யோசித்தேன்.

டாக்டர் ஓவியா சொன்னது இது: “கட்டிப் போட்டீங்கன்னா இது கத்தியே செத்துடும். யார் குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு கத்துக்குடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஒரே நேரம், ஒரே வார்த்தை. நீங்க ஒரு நாள் விட்டாலும் அது ஜெயிச்சிடும்.”

தொடங்கிவிட்டேன். காலை ஆறரை, மாலை ஆறு. மூடிய கையில் பிஸ்கட். முகர்கிறார், நக்குகிறார், நகத்தால் பிறாண்டுகிறார். என் வலது கை முழுக்கக் கீறல். “வேணாம்” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன். எப்போது முகத்தைத் திருப்புகிறாரோ அப்போது அவருடைய கோழித் துண்டு. முதல் நாள் இருபது நிமிடம் ஆனது. நேற்று நாலு நிமிடம். கத்துவதில்லை. துண்டை ஒருமுறை உதறிப் பார்த்தேன். மூத்திரம் போய்விட்டார். இனி உதற மாட்டேன்.

நந்தினி


பூஜ்
3 ஏப்ரல் 2025

தங்கைக்கு, நான் சுகம். கஞ்சி வைத்துக் குடிக்கிறேன். வயிறு பரவாயில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவனைக் காப்பாற்றிவிட்டாய். நான் துண்டை உதறியது அடிப்பதற்கில்லை, சும்மா பயமுறுத்தத்தான். அவன் அப்படிப் பயப்படுவான் என்று எனக்குத் தெரியாது.

மகள் அபிநயா ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் என்னோடு பேசுகிற ஜீவன் அவன்தான். உன் அண்ணி சீரியல் பார்ப்பாள். நான் வயலிலிருந்து வந்து அவனிடம்தான் எல்லாம் சொல்வேன்.

ஒன்று மட்டும் எழுது. யார் கொடுத்தாலும் வாங்க மாட்டான் என்கிறாய். நான் வந்து என் கையால் கொடுத்தால் வாங்குவானா?

அர்ஜுனன்


அடி அண்ணாமலை
18 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு வணக்கம். இங்கே வெயில் ஏறிவிட்டது. உடம்பு தாக்குப்பிடிக்கிறது.

துரையின் எடை பதினாலு கிலோவிலிருந்து பதினாறரை. மாத்திரையைச் சோற்றில் நசுக்கிப் பிசைந்துவிடுகிறேன். பூந்தொட்டிப் பக்கம் இப்போது போவதில்லை.

நீங்கள் கேட்டதைப் பற்றி நிறைய யோசித்தேன். யார் கையிலிருந்தும் வாங்கக் கூடாது என்பது ஒரு விதி. ஆனால் எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் அவருக்கு யார் போடுவது? அதற்காக இன்னொரு விதி வைத்தேன். என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்து முதலில் ஒரு வாய் சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் நம்பலாம். அவர்கள் போட்டால் சாப்பிடலாம். டாக்டர் இதைச் சொல்லவில்லை. நானாகத்தான் ஏற்படுத்தினேன்.

தங்கம்மாளை வைத்து ஒரு வாரம் பழக்கினேன். பிறகு முருகவேலைக் கூப்பிட்டேன். உங்கள் தெருக்காரர், உங்கள் பங்காளி முறை. சமையலறை நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். துரை இவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அப்புறம் மனிதர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “உப்பு இல்லீங்களே” என்றார். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளிலிருந்து தனக்கும் சேர்த்து ஒரு டம்ளர் காபி போடச் சொல்லிக் கேட்கிறார்.

உங்கள் கையால் வாங்குவானா என்று கேட்டிருந்தீர்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அண்ணா. ஆளுக்கொன்று வைத்தால் நாய் குழம்பிவிடும்.

நந்தினி


அடி அண்ணாமலை
15 மே 2025

அண்ணனுக்கு வணக்கம். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தவறியிருக்காது, விரைவுத் தபால். உடம்புக்கு ஏதாவது முடியாமல் போயிற்றோ என்று அண்ணியிடம் தங்கம்மாளை விட்டு விசாரித்தேன். நன்றாக இருக்கிறீர்களாம்.

பன்னிரண்டாம் தேதி சித்ரா பௌர்ணமி. அன்றைக்குத்தான் பரீட்சை வைத்தேன். கேட்டைத் திறந்துவிட்டு, துரையைப் பக்கத்தில் கட்டாமல் உட்காரவைத்து, நானும் படியில் உட்கார்ந்தேன். ஊரே திரண்டு நடந்தது. லட்டு நீட்டினார்கள், வடை நீட்டினார்கள். “எவ்ளோ இளைச்சுக் கீது பாரு, எஜமானி சோறே போடமாட்டா போல” என்று ஒரு அம்மா என் காது கேட்கவே சொல்லிவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மூக்குக்குக் கீழே வைத்தாள். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. நான் வாயே திறக்கவில்லை. துரையே முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டார்.

மூன்று மணி நேரத்தில் இரண்டு தடவைதான் “வேணாம்” சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

எனக்கு வந்த அந்தச் சந்தோஷம் முழுவதும் நாயைப் பற்றியது இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் கொண்டுவந்து நீட்டுவீர்கள், இவர் இப்படித்தான் முகத்தைத் திருப்புவார் என்று அப்போது நினைத்தேன். நினைக்க நன்றாக இருந்தது.

நந்தினி


பூஜ்
9 ஜூன் 2025

நந்தினிக்கு, சுகம்.

முருகவேல் உன் வீட்டில் சாப்பிட்டது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உன் அண்ணி போனில் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் பதினேழு வருகிறேன். பதினெட்டாம் தேதி காலை வந்து துரையை அழைத்துக்கொண்டு போவேன். அதற்குள் அந்தத் தட்டுப் பழக்கத்தை மாற்றிவிடு. இவ்வளவு கற்றுக்கொடுத்தவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

அர்ஜுனன்


அடி அண்ணாமலை
28 ஜூலை 2025

அண்ணனுக்கு வணக்கம். பயணத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் நலம்.

ஆகஸ்ட் பதினேழு முதல் இருபத்திரண்டுவரை எனக்குச் சென்னையில் நூலகர் பயிற்சி. நீங்கள் வரும்போது இருக்க மாட்டேன். சாவி தங்கம்மாள் கடையில் இருக்கும். எனக்குப் பதில் அதுவரை அவள் பார்த்துக்கொள்வாள்.

பிரீசரில் பன்னிரண்டு டப்பா சோறு வைத்திருப்பேன். தேதி எழுதி ஒட்டியிருக்கும். வேளைக்கு ஒன்று. சூடாக்கி ஆறவைத்து, மாத்திரையை நசுக்கிக் கலக்க வேண்டும். பட்டினி இரண்டு நாளைத் தாண்டக் கூடாது, மறுபடி வீங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தட்டுப் பழக்கத்தை மாற்றவில்லை. என் சமையலறையில், என் தரையில்தான் அதைக் கற்றுக்கொடுத்தேன். வேறு இடத்தில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது.

நந்தினி


கீழ்பென்னாத்தூர்
25 ஆகஸ்ட் 2025

தங்கை நந்தினிக்கு, பயிற்சி முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தாயா? துரை எப்படி இருக்கிறான்?

நடந்ததை எழுதுகிறேன். பதினெட்டாம் தேதி வந்தேன். கேட்டைத் திறந்ததும் என் மேல் பாய்ந்து, முகமெல்லாம் நக்கி, ஊளையிட்டுவிட்டான். என்னை மறக்கவில்லை. டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் உட்காராமல், அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டேன். வீட்டில் தட்டில் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் கையால் நீட்டினேன். என் மடியில் தலையை வைத்துக்கொண்டான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. உன் அண்ணி பால் ஊற்றினாள். நான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டும் பார்த்தேன், எங்கள் வீட்டில்தானே என்று. மோப்பம் பிடித்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

இரண்டு நாள் முழுசாகப் பட்டினி. மூன்றாம் நாள் காலையில் வெறும் மஞ்சள் தண்ணியாக வாந்தி எடுத்தான். முன்னங்காலை மடக்கினான். டாக்டருக்குப் போன் செய்தேன். “உடனே வயித்துக்குள்ள ஏதாவது போகணும், எங்க சாப்பிடுமோ அங்க கூட்டிட்டுப் போங்க” என்றார்.

உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். தங்கம்மாளைக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “எனக்கு யாவாரம் கீது. உன் நாய்தானே, நீயே சாப்புடு” என்றாள்.

உன் சமையலறைத் தரையில், நீ சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். கையை வாய்வரை கொண்டுபோய்விட்டுச் சாப்பிட்டதுபோல் காட்டினேன். அவன் நகரவில்லை. வாயில் போட்டு மென்று, திரும்பிக் கையில் துப்பினேன். என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். வெட்கமாக இருந்தது, ஒரு நாய்க்கு முன்னால். அப்புறம் இன்னொரு வாய் எடுத்து விழுங்கினேன். எழுந்து வந்து, நடுங்கிக்கொண்டே, தட்டைக் காலி செய்தான். வாந்தி எடுக்கவில்லை.

அதன் பிறகு இருபத்திரண்டு காலைவரை அங்கேயேதான் இருந்தேன். நீ வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன். அவனைத் தங்கம்மாளிடம் விட்டுவிட்டு வந்தேன்.

அவன் என் வீட்டில் சாப்பிட வேண்டும். அதற்கு வழி என்ன என்று எழுது.

அர்ஜுனன்


அடி அண்ணாமலை
2 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு வணக்கம். நான் நலம். துரையும் நலம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீக்கம் வற்றிவிட்டது என்றார். உங்கள் வயிறு எப்படி இருக்கிறது?

நீங்கள் நடந்ததை எழுதினீர்கள். நானும் எழுதுகிறேன். அந்தப் பயிற்சிக்கு யார் போகிறீர்கள் என்று ஜூனில் கேட்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் தேதியைப் பார்த்துவிட்டு நான்தான் பெயர் கொடுத்தேன். நீங்கள் கூப்பிட்டால் சாப்பிடக் கூடாது என்று தங்கம்மாளிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான். கீழ்பென்னாத்தூரில் அவர் சாப்பிட மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதியது பொய்.

நீங்கள் இரண்டு நாள் திண்டாட வேண்டும் என்று நினைத்தேன். திண்டாடப் போவது அவரும்தான் என்பதைச் சென்னையில் விடுதி மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் முழுசாக உணர்ந்தேன். எனக்கும் அன்று இறங்கவில்லை. ஆனாலும் தங்கம்மாளுக்குப் போன் செய்து சத்தியத்தை வாபஸ் வாங்கவில்லை. இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன். ஆறு மாதம் காப்பாற்றிய நாயை நானே பணயம் வைத்தேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதற்காக வருத்தப்பட்டேன். உங்களிடம் வருத்தம் தெரிவிக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து வந்ததும் சமையலறையைத்தான் முதலில் பார்த்தேன். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அரிசி டப்பாவில் அரைப் படி குறைந்திருந்தது. நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடி பாதிக்குமேல் காலி. துரை ஊறுகாய் சாப்பிடுவதில்லை. அதை நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. ஆளில்லாத வீட்டில், யாரும் பார்க்காதபோது, சாப்பிட முடிந்திருக்கிறது. பதினேழு வருடமாக உங்களுக்கு எது இறங்காமல் இருந்தது, சோறா, நாங்கள் இருவரும் எதிரில் இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கலையரசனிடம் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் உங்கள் வீட்டில் சாப்பிட வழி கேட்டீர்கள். இருக்கிறது. பத்து நாள் வேலை. விட்டுவிடாமல் செய்தால் நீங்களே செய்துவிடலாம், துண்டு தேவையில்லை. ஆனால் கடிதத்தில் எழுத மாட்டேன்.

வருகிற ஞாயிறு பன்னிரண்டரைக்கு வாருங்கள். அண்ணியும் வரட்டும். பைக்கை என் வாசலில், எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்துங்கள். கூடத்தில் கலையரசன் படத்துக்கு எதிரில் நாம் மூவரும் உட்காருவோம். குழம்பில் உப்பு போடுவேன்.

சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்த பிறகு வழியைச் சொல்கிறேன்.

நந்தினி